சொந்த வீட்டில் நம் பங்கு எவ்வளவு?

வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்களுக்குத்தான் சொந்த வீட்டின் அருமை தெரியும். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். ஊரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் வந்து ஒரு மாதம் தங்கினால், "ஆள் கூடிப்போச்சே, மோட்டார் அடிக்கடி ஓடுதே" என்று பேச்சு வரும். பதினோரு மாத ஒப்பந்தம் முடியப்போகும்போது வாடகை எவ்வளவு ஏறுமோ, காலி செய்யச் சொல்வார்களோ என்ற கவலை வேறு. நம் குடும்பங்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. 'வீடு வாடகைக்கு' என்ற பலகை தொங்கிக்கொண்டிருக்கும். போனில் பேசும்போது எல்லாம் சரியாக இருக்கும். பெயரைச் சொன்னதும், "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே பலகை அங்கேயே தொங்கும்.

அதனால்தான், வீடு வாங்கியவர்கள் நம்மிடம் சொல்லும் சந்தோஷங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவையாக இருக்கின்றன. ஸஹர் நேரத்தில் பாத்திரம் உருட்டினால் கேள்வி கேட்க ஆளில்லை. பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியதில்லை. ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் முகவரி நிலைத்து நிற்கிறது. பெருநாளுக்கு மொட்டை மாடியில் தேக்சா வைத்து பிரியாணி போட முடிகிறது.

அந்த மொட்டை மாடியில்தான் பலருக்கு முதல் சிக்கலும் தொடங்குகிறது. "மாடி எனக்கும் சொந்தம்தானே, எப்படிப் புகை போடுகிறீர்கள்?" என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாடி அவருக்கும்தான் சொந்தம்.

சென்னையில் தனி வீடு வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத காரியமாகிவிட்டது. திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் மண்ணடியிலும் பெரம்பூரிலும் நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளையே. அடுக்குமாடியில் 'என் வீடு' என்று நாம் சொல்வது முழு வீடு அல்ல, ஒரு பங்கு. நிலத்தில் ஒரு பங்கு, கட்டடத்தின் பொது இடங்களில் ஒரு பங்கு, குடும்பத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்ற பங்கு. இந்த மூன்றையும் வாங்குவதற்கு முன்பே தெளிவாக்கிக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். மற்றவர்கள் பத்து வருடம் கழித்துப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

நிலத்தில் பங்கு

கிரயப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று ஒரு கணக்கு இருக்கும். புரோக்கர்கள் இதை யு.டி.எஸ். என்பார்கள். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே அளவில் ஆறு வீடுகள் கட்டினால், ஒவ்வொரு வீட்டுக்கும் 400 சதுர அடி நிலம் சேர வேண்டும். இந்த 400 அடி எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் காட்ட முடியாது. ஆனால் சட்டப்படி அது உங்களுடையது.

வாங்குபவர்கள் சமையலறை டைல்ஸைப் பார்க்கிறார்கள், இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகிக்கொண்டே போகும். விலை ஏறுவது நிலத்துக்குத்தான். முப்பது நாற்பது வருடம் கழித்து இடித்துக் கட்ட வேண்டி வந்தால், உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் பங்குதான். ஆறு வீட்டுப் பங்கையும் கூட்டினால் 2,400 வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் மீதி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பில்டர் தன் பெயரில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னாளில் மாடியில் இன்னொரு வீடு எழுப்ப வருவதுண்டு.

இடித்துக் கட்டுவது இனி வெறும் கற்பனைப் பேச்சு அல்ல. தமிழ்நாட்டில் 1994-ஆம் வருடத்து அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதிய உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று அது சொல்கிறது. முன்பெல்லாம் ஒரே ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். இப்போது நிலைமை தலைகீழ். சம்மதிக்காத ஒருவராக நீங்கள் இருந்தாலும் கட்டடம் இடிபடலாம். உங்கள் பங்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் சரியாக இருந்தால்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

இன்னொரு வகையான விற்பனையும் நகரின் பழைய பகுதிகளில் உண்டு. வீடு மட்டும் விற்பவருடையது, நிலம் கோவிலுடையதாகவோ வக்ஃப் உடையதாகவோ இருக்கும். அடிமனை வாடகை கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பார்கள். "விலை குறைவாக இருக்கிறதே" என்று நம்மவர்கள் மயங்குவது இங்கேதான். வக்ஃப் நிலத்தைத் தன் சொத்து போல விற்கக் குடியிருப்பவருக்கு உரிமை கிடையாது. வாங்கிய பணத்துக்குச் சுவர்கள் மட்டுமே மிஞ்சும். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு வக்ஃப் வாரியத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வில்லங்கச் சான்றை எல்லோரும் எடுக்கிறார்கள். 1975-க்குப் பிந்தைய விவரங்களைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வில்லங்கம் இல்லை என்று வந்தால் வில்லங்கமே இல்லை என்று பொருளல்ல. அது பதிவு செய்யப்பட்டதை மட்டும்தான் காட்டும். நம் சமுதாயத்தில் வாய்மொழியாகக் கொடுக்கும் ஹிபா, முறைப்படி நடந்திருந்தால், பதிவு இல்லாமலேயே செல்லும். கொடுப்பதாகச் சொல்வது, பெறுபவர் ஏற்றுக்கொள்வது, சொத்தை ஒப்படைப்பது என்ற மூன்றும் நடந்திருந்தால் போதும். அது வில்லங்கச் சான்றில் வராது. விற்பவரின் வாப்பா மௌத்தான பிறகு பாகம் பிரிக்காமல் கிடக்கும் சகோதரிகளின் உரிமையும் அதில் வராது. ஆகவே விற்பவர் முஸ்லிமாக இருந்தால், "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடாமல், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று இன்னும் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

பில்டரிடம் புது வீடு வாங்குபவர்களுக்கு 2016-ஆம் வருடத்து ரேரா சட்டம் நல்ல பாதுகாப்பு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டினால் திட்டத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. கட்டடத்தில் கட்டுமானக் குறை தெரிந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். விலையைக் கார்பெட் அளவில் சொல்லச் சொல்லுங்கள். 'ஆயிரம் அடி' என்று விளம்பரத்தில் போடுவது மாடிப்படி, வராந்தா, லிப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு. உள்ளே பாய் விரித்துப் படுக்கக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு.

பதிவுச் செலவையும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். கைமாறி வரும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாற்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய் ஆகிறது. பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்கும் வீடு ஐம்பது லட்சத்துக்குள் இருந்தால், 2023 டிசம்பரில் வந்த சலுகைப்படி இரண்டும் சேர்த்து 6 சதவீதம்.

தண்ணீரும் கசிவும்

குடியேறி ஆறு மாதம் ஆன பிறகுதான் பொது இடங்களின் அர்த்தம் புரியும். சம்ப், மோட்டார், மொட்டை மாடி, கழிவுநீர்க் குழாய், கீழே வண்டி நிறுத்தும் இடம் எல்லாமே கூட்டுச் சொத்து. சண்டைகளும் இவற்றைச் சுற்றித்தான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீரை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரே மாடியில் வசித்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட கதைகளைக் கேட்டிருக்கிறோம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நேர் எதிரான தொல்லை. தெருவில் நின்ற சாக்கடை நீர் சம்புக்குள் இறங்கி, மேல் மாடிக்காரர்களின் குழாய் வரை வந்தது. சம்ப்பின் வாயைத் தெரு மட்டத்துக்கு மேலே உயர்த்தி மூடி போடுவது ஒரு கொத்தனாரின் ஓரிரு நாள் வேலை. ஆனால் "நான் மூன்றாம் மாடி, எனக்கென்ன?" என்று சொல்லிப் பணம் தர மறுத்தவர்கள் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான் வந்தது.

கசிவு விஷயத்தில் வழக்கமாக நடப்பது இது. மேல் வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து கசிந்தால் சரிசெய்வது மேல் வீட்டுக்காரர் பொறுப்பு. எல்லோருக்கும் பொதுவான குழாயிலிருந்து கசிந்தால் செலவு எல்லோருக்கும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீருக்கும் அப்படியே. கடைசி மாடிக்காரர் தலையில் மட்டும் அதைக் கட்டுவது நியாயமில்லை. எது எங்கிருந்து வருகிறது என்று சண்டைக்கு முன்பே ஒரு பிளம்பரை வரவழைத்து இரு வீட்டாரும் சேர்ந்து நின்று பார்த்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். கீழ் வீட்டுக்காரர் தனியாக ஒருவரையும் மேல் வீட்டுக்காரர் தனியாக ஒருவரையும் அழைத்து வருவதால் என்ன வரும்? இரண்டு பிளம்பர்களும் அவரவரை அழைத்தவருக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கார் நிறுத்தும் இடத்தைப் பில்டர் தனியாக விலைபேசுவது வழக்கமாக இருக்கிறது. மும்பையில் எழுந்த ஒரு வழக்கில், திறந்தவெளி இடத்தையும் தூண்களுக்கு நடுவிலான தரைத்தள இடத்தையும் பில்டர் தனிச் சொத்தாக விற்க முடியாது, அது பொது இடம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் கொடுத்து விட்டீர்களானால் அதைப் பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வாங்கிய இடத்தில் அடுத்தவர் புல்லட் நிற்கும்.

அசோசியேஷன் இல்லாத கட்டடம் இமாம் இல்லாத ஜமாஅத் மாதிரி. ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்பார்கள். ஆறு வீடுகளே இருந்தாலும் முறைப்படி பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கி, மாதத் தொகையில் ஒரு பகுதியை பெயின்ட், மோட்டார் போன்ற பெருஞ்செலவுகளுக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பொது மின் இணைப்பைப் பற்றி ஒரு தகவல். பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது இணைப்புக்குக் குறைந்த கட்டணம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் மாடிப்படி விளக்கும் மோட்டாரும் அந்தக் கட்டணத்தில்தான் ஓடுகின்றனவா என்று மின் அட்டையை ஒருமுறை பாருங்கள்.

சொத்து வரியை அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் சென்னை மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். அந்தந்த மாதத்துக்குள்ளேயே கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு.

குடும்பத்துக்குள் பங்கு

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தோம். மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் அக்கம்பக்கத்தாரோடு. இது இரத்த உறவுகளுக்குள் வருவது. இதில் அதிகம் நஷ்டப்படுகிறவர்கள் பெண்கள்.

வட்டி வேண்டாம் என்று வங்கிக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்களில் வீடு எப்படி வாங்கப்படுகிறது? வளைகுடாவில் சம்பாதித்தது கொஞ்சம். ஊர் மனையை விற்றது கொஞ்சம். மச்சான் கொடுத்த கைமாற்று கொஞ்சம். பெரும்பாலும் மனைவியின் நகை. பத்திரமோ கணவர் ஒருவர் பெயரில் பதிவாகிறது. "வீட்டுக்குள் என்ன கணக்கு?" என்பார்கள். மஹரும், பிறந்த வீட்டில் அவளுக்குப் போட்ட நகையும் அவளுடைய சொந்தச் சொத்து. கணவருக்கு அதில் உரிமை கிடையாது. அவள் மனமுவந்து கொடுத்தாலும், அது அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா என்று அன்றே பேசி எழுதி வைப்பதுதான் முறை. குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். வீட்டு விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

கணக்குப் போட்டே பார்ப்போம். வீடு நாற்பத்தைந்து லட்சம். அதில் பதினைந்து லட்சம் மனைவியின் நகை விற்ற பணம். பத்திரம் கணவர் பெயரில் மட்டும். அவர் மௌத்தாகிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். மனைவிக்கு வாரிசுப் பங்கு எட்டில் ஒன்று. அதாவது 5,62,500 ரூபாய். தான் போட்ட பணத்தில் பாதிகூட அவளுக்குத் திரும்ப வரவில்லை. அதே வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவள் பெயரில் எழுதியிருந்தால், அந்தப் பதினைந்து லட்சம் வாரிசுக் கணக்குக்கே வராது. மீதி முப்பது லட்சத்தில் எட்டில் ஒன்று, அதாவது 3,75,000 ரூபாய் சேரும். மொத்தம் 18,75,000. ஒரே வீடு, ஒரே குடும்பம், ஒரே ஷரீஅத் சட்டம். பத்திரத்தில் ஒரு பெயர் கூடியதால் வந்த வித்தியாசம் பதின்மூன்று லட்சத்துக்கு மேல்.

பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தால் உம்மாவை விட்டுவிட மாட்டார்கள்தான். ஆனால் மருமகள் வந்த பின், பேரப்பிள்ளைகள் வளர்ந்த பின், "வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வோம்" என்ற பேச்சு வரும்போது, அறுபது வயதுப் பெண் தன் பங்கைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அதை வாங்கி வைப்பது பிள்ளைகள் மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டுவதல்ல.

துபாயிலோ சவூதியிலோ இருக்கும் தம்பி பணம் அனுப்ப, அண்ணன் தன் பெயரில் வீடு வாங்குவதும் இதே கதை. பணம் அனுப்பிய வங்கி ரசீதை வைத்துக்கொண்டு பின்னால் வழக்காடுவது கஷ்டம். தம்பி வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அவர் பங்கு அவர் பெயரிலேயே பதிவாகட்டும். மச்சான் கைமாற்றாகக் கொடுத்ததையும் தேதி போட்டு, இரண்டு சாட்சி வைத்து எழுதுங்கள்.

வஸிய்யத் எழுதி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வஸிய்யத் செல்லாது. வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே கொடுக்க விரும்பினால் ஹிபா இருக்கிறது. வாய்மொழியில் கொடுத்தாலும் போதும் என்பது சட்டம். ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரங்களுக்குக் கிரயத்தைவிடக் கட்டணம் மிகக் குறைவு. பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்காரர் மௌத்தாகிவிட்டால் முதல் சில மாதங்களுக்குள் இறப்புச் சான்றிதழ் வாங்கி, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் மகள்கள் பெயர் விடுபடக் கூடாது. கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருந்தாலும் அவர்கள் வாரிசுகளே. பிறகு சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம். வரி ரசீதில் பெயர் மாற்றிக்கொண்டவர் அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. மூத்த மகன் பெயரில் ரசீது வந்தாலும், பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவாகாத வரை எல்லா வாரிசுகளின் பங்கும் அப்படியே இருக்கும். வாரிசுகளில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவருடைய பிள்ளைகளும் கணக்கில் சேர்வார்கள். ஐந்து கையெழுத்தில் முடிய வேண்டியது பதினெட்டுக் கையெழுத்தாகும். தள்ளிப்போடத் தள்ளிப்போட வேலை கூடிக்கொண்டே போகும்.

பழைய பத்திரங்களைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறவர்கள், வாங்கப்போகும் வீட்டின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது ஆகியவற்றின் நகல்களோடு நம் அலுவலகத்துக்கு வரலாம். கணவர் மட்டும் வராமல் மனைவியும் சேர்ந்து வந்தால் நல்லது. அசல் பத்திரங்களைக் கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள்.